கப்பலின் வால்பக்கத்து எட்டு கேபின்கள்

கப்பல் டிக்கெட் விற்கிறவன் கப்பலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அதன் வால் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது. மற்றதையெல்லாம் மாலுமிகள் பார்த்துக்கொள்வார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில், பம்பாயில் பல்லார்ட் பியர் கப்பல்துறைக்கு அருகே ஒரு கப்பல் கம்பெனியின் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் கப்பல் பம்பாய்க்கும் மொம்பாஸாவுக்கும் இடையே போய் வந்துகொண்டிருந்தது. நீங்களும் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவரா? சாயம் போகிற புடவையை, மூட்டைப்பூச்சி உள்ள லாட்ஜ் அறையை, தூணுக்குப் பின்னால் விழும் கச்சேரி டிக்கெட்டை முகம் மாறாமல் விற்றவரா? அப்படியானால் நாம் ஒரே குலம். மேலே படியுங்கள்.

உதறல் என்று சொல்லாதே

கப்பலை ஓட்டுகிற ராட்சச விசிறி அதன் வாலில், தண்ணீருக்கு அடியில் இருக்கும். அதற்கு நேர் மேலே இருந்தவை இரண்டாம் வகுப்பு கேபின்கள் எட்டு. கப்பல் கிளம்பிய நிமிஷத்திலிருந்து நங்கூரம் போடுகிற நிமிஷம்வரை அந்த எட்டிலும் சுவர் நடுங்கும், கட்டில் நடுங்கும், கட்டிலில் படுத்திருப்பவர் வாயைத் திறந்தால் குரலும் நடுங்கும்.

வேலையில் சேர்ந்த அன்றே மேனேஜர் சோராப்ஜி கூப்பிட்டு இரண்டு விதிகள் சொன்னார். ஒன்று, 'உதறல்' என்ற சொல் கவுண்டரில் வரக்கூடாது. 'உயிரோட்டமான கேபின்' என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு, ஆறு மாதம் நான் தற்காலிகம். அதற்குள் நான் விற்ற வால் கேபின்களிலிருந்து மூன்று புகார்க் கடிதங்கள் வந்தால், வந்த வழியே போகலாம்.

எனக்கோ அந்த நிரந்தர உத்தரவு அவசரமாகத் தேவைப்பட்டது. செம்பூரில் அனந்தநாராயணய்யர் என்று ஒரு ரிட்டையரான ஆடிட் ஆபீஸர் தம் இரண்டாவது பெண் லலிதாவை எனக்குத் தருவதாக இருந்தார். ஜாதகம் பொருந்திவிட்டது. பெண்ணும் சரி என்றுவிட்டாள். ஆனால் உத்தரவின் நகலைக் கண்ணால் பார்க்காமல் முகூர்த்தம் குறிக்க மாட்டேன் என்றார் ஐயர். அதுவரை நான் அவருக்கு 'மாப்பிள்ளை' இல்லை, 'மிஸ்டர் சுந்தரம்'.

அடுத்த மேஜையில் இருந்த ஹெட் கிளார்க் டிசோஸாவிடம் இதையெல்லாம் சொல்லி ஆறுதல் தேடினேன். கோவாக்காரர். எட்டு கேபின்களையும் பல வருஷம் விற்று ஓய்ந்தவர். அவர் சொன்னார்: "அரே பாபா, அந்த எட்டு ரூம்லேயிருந்து மூணு கடுதாசி வர ஆறு மாசம் எதுக்கு? ஒரு ட்ரிப் போதும்."

இடம் மாறிய பற்கள்

முதல் கடிதம் மாதுங்காவில் இருந்த ஒரு ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டருடையது. அவரும் ஒரு குஜராத்தி மரவியாபாரியும் ஒரே கேபினில் போனார்கள். இருவருக்கும் பல்செட். படுக்கப் போகுமுன் இருவரும் பல்லைக் கழற்றி, கப்பல் கொடுத்த ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடி டம்ளர்களில் போட்டு, மேஜையின் இரண்டு ஓரங்களில் வைத்தார்கள். வால் கேபினின் மேஜை எந்தப் பொருளையும் வைத்த இடத்தில் விடாது. டம்ளர்கள் இரண்டும் மெல்ல நகர்ந்து நடுவில் சந்தித்து, ஒன்றையொன்று சுற்றி, விடிவதற்குள் எதிர் ஓரங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

ஹெட்மாஸ்டருக்கு வாய் வலித்தது. கடல் காற்று என்று நினைத்துக்கொண்டார். மரவியாபாரி, சாப்பாட்டில் கல் இருக்கிறது என்று சமையல்காரரோடு சண்டை போட்டார். ஒரு நாள் மரவியாபாரி சிரித்தபோதுதான், மேல்வரிசையில் தங்கப்பூண் போட்ட தம் கோரைப்பல்லை ஹெட்மாஸ்டர் அடையாளம் கண்டார்.

ஊர் திரும்பியதும் கடிதத்தைத் தபாலில் போடாமல் நேரில் கொண்டுவந்து கொடுத்தார். நான் வருத்தம் தெரிவித்தேன். அவர் கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நாலு நாள் அந்த மனுஷன் பல்லாலே பேசியிருக்கேன் சார். என் வாயிலே இங்கிலீஷ் கிராமர் தப்பா வந்தப்பவே சந்தேகப்பட்டிருக்கணும்."

ஒன்றரைக் கட்டை என்ஜின்

இரண்டாவது கடிதம் ஒரு பாட்டு டீச்சரிடமிருந்து. மொம்பாஸாவில் இருந்த தமிழ்க் குடும்பத்துக் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்க மாதுங்காவிலிருந்து போனவர். தம்பூராவை உறையிலிருந்து எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தாராம். தொடாமலேயே அது ரீங்காரம் போட்டதாம். அபசகுனமோ என்று முதலில் பயந்து, பிறகு என்ஜின்தான் மீட்டுகிறது என்று தெரிந்து சாதகம் செய்ய உட்கார்ந்திருக்கிறார்.

அவருடைய சுருதி ஐந்தரைக் கட்டை. என்ஜினோ ஆண்பிள்ளை, ஒன்றரைக் கட்டையில் விடாமல் 'உம்' என்றது. இரண்டு நாள் எதிர்த்துப் பாடினார். மூன்றாம் நாள் என்ஜின் ஜெயித்தது. கரையில் இறங்கி முதல் வகுப்பில் சரளி வரிசை ஆரம்பித்ததும் குழந்தைகள் அழுதுவிட்டனவாம். கடிதத்தின் கடைசி வரி இது: "உங்கள் கப்பலில் ஐந்தரைக் கட்டையில் ஏறினேன், ஒன்றரைக் கட்டையில் இறங்கினேன், இதற்கு யார் பொறுப்பு?"

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட முடியவில்லை. இரண்டு கடிதங்கள் சோராப்ஜியின் ஃபைலில் உட்கார்ந்திருந்தன.

காதர் பாயின் தூக்கம்

காதர் பாய் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தாராவியில் தோல் வியாபாரம். மரியாதையான மனிதர் என்று அவருக்குக் கப்பலின் நடுவில், அலையும் சத்தமும் தெரியாத உயர்ந்த கேபினாகக் கொடுத்திருந்தேன். திரும்பி வந்தவர் நேராகக் கவுண்டருக்கு வந்தார். கண்ணெல்லாம் சிவப்பு.

"தம்பி, நீங்க குடுத்த ரூம்ல நாலு நாள் கண்ணு மூடல பாத்துக்கிடுங்க. என்னா அமைதிங்கிய! கபர்ஸ்தான்ல படுத்த மாதிரி இருக்கு. நம்ம நெஞ்சு அடிக்கது நமக்கே கேக்கு."

அவர் வீட்டுக்கு இடப்பக்கச் சுவர் மாவு மில்லுடையது. வலப்பக்கச் சுவர் தோல் தைக்கிற பட்டறையுடையது. இருபது வருஷமாக இரண்டுக்கும் நடுவில் தூங்கிப் பழகியவர். ஐந்தாம் நாள் கப்பலில் உலாவப் போனவர், வால்பக்கம் வந்ததும் காலுக்கடியில் சொந்த வீட்டுத் தரையே அதிர்வது போல் நின்றிருக்கிறார். அருகிலிருந்த கேபின் கதவைத் தட்டி, உள்ளே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம், "ரூமை மாத்திக்கிடலாமா?" என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதர் அழுதே விட்டாராம். பிறகு மொம்பாஸா வருகிறவரை காதர் பாய் சாப்பாட்டுக்கு மட்டும்தான் எழுந்தார். திரும்பி வரும்போது வாலில் இடம் கிடைக்காமல் மறுபடியும் விழிப்பு.

அடுத்த பயணத்துக்கும் அன்றே டிக்கெட் எழுதச் சொன்னார். கிளம்பும்போது திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி, மிகவும் கவலையாகச் சொன்னார்: "தம்பி, அதுக்குள்ள அந்த என்ஜினை ரிப்பேர் கிப்பேர் பண்ணிராதிய, என்னா?"

வீடு எங்கே?

அன்றிலிருந்து என் தொழில் மாறியது. டிக்கெட் கேட்டு வருகிறவரிடம், 'எங்கே போகிறீர்கள்?' என்று கேட்கும் முன் 'வீடு எங்கே?' என்று கேட்டேன். மாதுங்காவில் தோட்டத்தைப் பார்த்த வீடா? வால் கேபின்கள் நிரம்பிவிட்டன, நடுவில்தான் இருக்கிறது. பரேலில் மில்லுக்குப் பின்புறமா? உயிரோட்டமான கேபின் ஒன்று உங்களுக்காகவே காத்திருக்கிறது. குர்லாவில் ஸ்டேஷனுக்கு எவ்வளவு தூரம்? பத்து நிமிஷம் நடக்க வேண்டும் என்றால் நடுப்பகுதி. ஜன்னலிலிருந்து கையை நீட்டினால் ரயிலைத் தொடலாம் என்றால் வால்.

கிராக்கிகள் இதை என் அன்பு என்று நினைத்தார்கள். டிசோஸாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "வீடு எங்கே, பக்கத்துலே என்ன சத்தம், தூக்கம் எப்படி... நீ டிக்கெட் விக்கறியா, வரன் பாக்கறியா?" என்றார்.

வழியனுப்பக் கப்பலுக்குள் போனபோது ஒரு குர்லாப் பெண்மணியைப் பார்த்தேன். புருஷன் லேத் பட்டறைக்காரர். தண்டவாளத்தை ஒட்டிய வீடு. அந்த அம்மாள் வால் கேபினுக்குள் நுழைந்ததும் சுற்றுமுற்றும் பார்க்கவே இல்லை. பையிலிருந்து ஒரு சுருள் கம்பியை எடுத்து, அலமாரித் தட்டின் முன்னால் குறுக்கே இழுத்துக் கட்டி, அதற்குப் பின்னால் சொம்பு, டம்ளர் எல்லாவற்றையும் அடுக்கினார். வீட்டில் செய்கிற வழக்கம். கை தானாகச் செய்தது. கப்பல் சங்கு ஊதிக் கிளம்பத் தயாராக, விசிறி மெல்லச் சுற்ற ஆரம்பித்ததும் தரை நடுங்கியது. நான் குற்ற உணர்ச்சியோடு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் புருஷனிடம் சொன்னார்: "இதென்னங்க, கூட்ஸ் வண்டி அளவுக்குத்தான் ஆடுது. ஃபாஸ்ட் லோகல்னு நினைச்சுல்ல கம்பி கொண்டாந்தேன்."

செம்பூரிலிருந்து ஒருவர்

இப்படியாக மூன்று மாதத்துக்கு மேல் ஓடியது. புதுக் கடிதம் ஒன்றுகூட வரவில்லை. ஆறு மாதம் முடிய மூன்று வாரம் இருந்தபோது, கோட்டும் குடையுமாக அனந்தநாராயணய்யர் கவுண்டருக்கு வந்தார். பின்னால் மாமி. மொம்பாஸாவில் இருந்த மூத்த பெண்ணுக்குப் பிரசவ நேரம். அடுத்த கப்பலிலேயே போக வேண்டும்.

சார்ட்டைப் பார்த்தேன். மிச்சமிருந்தது ஒரே ஒரு கேபின். வாலில், விசிறிக்குச் சரியாக மேலே.

ஐயரைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். முதலாவது, அவர் வீடு செம்பூரிலேயே மிக அமைதியான வீடு, எதிர்வீட்டுப் பூனை மதிலில் நடந்தால் "என்னவாக்கும் அங்கே சத்தம்?" என்பார். இரண்டாவது, அவர் புகார் எழுதுகிறவர். குழாய்த் தண்ணீருக்கு, பஸ்ஸுக்கு, கொசுவுக்கு என்று தனித்தனியாக, பாரா எண் போட்டு, நகல் வைத்துக்கொண்டு எழுதுவார்.

"மாமா, அடுத்த மாசக் கப்பல் இன்னும் சௌகரியமா இருக்கும்" என்றேன்.

"குழந்தை அடுத்த மாசக் கப்பலுக்காகக் காத்திருக்குமோ, மிஸ்டர் சுந்தரம்?"

"இல்லே, இந்தக் கேபின் கொஞ்சம்..."

"கொஞ்சம்?"

சோராப்ஜி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "...உயிரோட்டமா இருக்கும்" என்றேன்.

"நன்னாப் போச்சு. கேட்டியோடீ, உயிரோட்டமா இருக்குமாம்" என்று மாமியிடம் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மாமியின் கவலை வேறு. காபி ஃபில்டரைக் கப்பலில் கொண்டு போகலாமா என்று கேட்டார். ஸ்டவ்தான் கூடாது, ஃபில்டர் தாராளமாகக் கொண்டு போகலாம், கொதிக்கிற வெந்நீரும் பாலும் கேபினுக்கே வரும் என்றேன். மாமி பெருமூச்சு விட்டார். "கொண்டு போய் என்ன? எங்காத்துலே காபிப்பொடியை அவர்தான் திரிப்பார். மையா திரிச்சுடுவார். டிகாக்ஷன் இறங்கவே இறங்காது. தெனம் கார்த்தாலே முக்கால் மணி நேரம் ஸ்பூனாலே ஃபில்டரைத் தட்டித் தட்டி என் மணிக்கட்டே போயிடுத்து. கப்பல்லேயும் எனக்கு இதே தலையெழுத்துதான்."

கப்பல் கிளம்பிய அன்று கரையில் நின்று கையாட்டினேன். பக்கத்தில் லலிதா நின்றிருந்தாள். வால் கேபின் விவகாரத்தை அவளிடம் அப்போதுதான் சொன்னேன். அவள் கை பாதியில் நின்றுவிட்டது. "அப்பா மூட்டையிலே முதல்லே எடுத்து வச்சது லெட்டர் பேட்" என்றாள்.

மூன்றாவது கடிதம்

பதினெட்டாம் நாள் மொம்பாஸாவிலிருந்து ஏர்மெயில் வந்தது. சோராப்ஜி கூப்பிட்டார். கவரின் மேல் இருந்த கையெழுத்தைப் பார்த்ததுமே எனக்கு வால் கேபினில் நிற்பது போல் இருந்தது.

சோராப்ஜி உரக்கப் படித்தார். ஆங்கிலம்; தமிழில் இப்படி வரும்: "ஐயா, தங்கள் தற்காலிக குமாஸ்தா மிஸ்டர் சுந்தரம் எங்களுக்கு அளித்த கேபினைப் பற்றிக் கடுமையான புகார் ஒன்றைப் பதிவு செய்கிறேன்." அவர் நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். லலிதாவை இனி எந்த ஆடிட் ஆபீஸ் குமாஸ்தாவுக்குக் கொடுப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"பாரா ஒன்று. பம்பாயிலிருந்து புறப்பட்ட நாள் முதல் எங்கள் ஃபில்டரில் டிகாக்ஷன் ஏழே நிமிஷத்தில், யாரும் தட்டாமல், இறங்கியது. முப்பது வருஷத்தில் இப்படிப்பட்ட காபியை நான் குடித்ததில்லை. பாரா இரண்டு. வழியில் செஷல்ஸ் துறைமுகத்தில் கப்பல் இரண்டு நாள் நின்றது. அந்த இரண்டு நாளும் கேபின் அணுவளவும் அசையவில்லை. டிகாக்ஷன் இறங்கவில்லை. என் மனைவி பழையபடி ஸ்பூனை எடுக்க நேர்ந்தது. பாரா மூன்று. இது பயணிகளை நம்பவைத்துக் கழுத்தறுப்பதாகும். கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாட்களிலும், காலை ஐந்தரை முதல் ஆறு மணிவரை என்ஜினை ஓட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

சோராப்ஜி கடிதத்தை மேஜையில் வைத்தார். "டிகாக்ஷன் என்றால் என்ன?" என்றார். மைஒற்றுத் தாளில் ஃபில்டர் படம் வரைந்து காட்டினேன். மேல் பாத்திரம், கீழ்ப் பாத்திரம், நடுவில் துளைகள், மாமி, ஸ்பூன். அவர் நெடுநேரம் படத்தையே பார்த்தார். அவருடைய தொப்பை முதலில் குலுங்கியது, பிறகு நாற்காலி.

ஆனாலும் புகார் புகார்தானே? டிசோஸா புகார் ரிஜிஸ்டரைக் கொண்டுவந்தார். அதில் கட்டம் கட்டி அச்சடித்திருந்தது: 'அதிகம் உதறுகிறது', 'சத்தம்', 'பொருள் உடைந்தது', 'பயணி உடைந்தார்'. 'உதறவில்லை' என்பதற்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாத புகாரை எங்கே எழுதுவது? எழுதாத புகார் எப்படி மூன்றாவது ஆகும்? டிசோஸா இதைச் சட்டம் போல் எடுத்துச் சொல்லிவிட்டு, ரிஜிஸ்டரை மூடிக் கையைக் கட்டிக்கொண்டார்.

சோராப்ஜி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பார்சிக்காரர்கள் 'மகனே' என்பதற்கு 'டிக்ரா' என்பார்கள். அதுவரை அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. "டிக்ரா, நான் இந்த நாற்காலிக்கு வந்த நாளிலிருந்து கப்பல் ஆடுகிறது என்றுதான் எழுதுகிறார்கள். ஆடவில்லை என்று எழுதின முதல் ஆசாமி இவர். இவரை எங்கே பிடித்தாயோ, அந்த வீட்டை விட்டுவிடாதே" என்றார்.

குர்லாவில் சோதனை

உத்தரவு கைக்கு வந்தது. ஐயர் தம்பதி பேரனைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். வரும்போதும் அதே கேபின்தான் வேண்டும் என்று ஐயர் அங்கேயே சண்டை போட்டு வாங்கியிருந்தார். நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். "சரியாக்கும். குடித்தனம் எங்கே வைக்கப் போறேள், மிஸ்டர் சுந்தரம்?" என்றார். இன்னும் மிஸ்டர்.

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். என் சம்பளத்துக்குக் கிடைத்த ஒரே வீடு குர்லாவில், தண்டவாளத்தை ஒட்டி. கையை நீட்டினால் ரயிலைத் தொடலாம். ஊரார் எல்லோரிடமும் 'வீடு எங்கே?' என்று கேட்டுப் பிழைத்தவனிடம் கடைசியில் அதே கேள்வி வந்தது. இடத்தைப் பார்க்காமல் தேதி குறிக்க முடியாது என்றார் ஐயர்.

மறுநாள் காலையில் ஐயர், மாமி, லலிதா மூவரும் வந்தார்கள். ஐயர் காலி அறையின் நடுவில் நின்றார். ஒரு லோகல் போயிற்று. ஜன்னல் கம்பிகள் பேசின. சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்து அவர் கோட்டில் விழுந்தது. மாமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

லலிதாதான் பையைத் திறந்தாள். உள்ளே வீட்டு ஃபில்டர். அப்பா திரித்த பொடி. ஃப்ளாஸ்க் நிறைய வெந்நீர். அலமாரித் தட்டில் ஃபில்டரை வைத்து, பொடியைப் போட்டு, வெந்நீரை ஊற்றி, மூடினாள். எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு லோகல் போயிற்று. இன்னொன்று. எதிர்ப்பக்கம் ஒன்று. பிறகு ஒரு கூட்ஸ் வண்டி, நிதானமாக, பெட்டி பெட்டியாக. அது முடிந்ததும் ஐயர் முன்னால் போய் மேல் பாத்திரத்தைத் தூக்கிக் கீழே எட்டிப் பார்த்தார்.

கரேல் என்று, விளிம்புவரை இருந்தது.

ஐயர் கோட்டிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டு, முதல் தடவையாக என் தோளில் கை வைத்தார்: "பேஷ்! மூணு லோகல், ஒரு கூட்ஸ். கப்பலைக் காட்டிலும் துரிதமாக்கும். மாப்பிள்ளை, உடனே அட்வான்ஸ் கொடுத்துடுங்கோ, வேற எவனாவது இந்த வீட்டைக் கொத்திண்டு போயிடப் போறான்."

கப்பலின் நடுப்பகுதியில் ஒரு தடவையாவது அசையாமல் படுத்துத் தூங்கிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு இன்னும் ஆசைதான், ஆனால் அங்கே காபி இறங்காது என்று வீட்டில் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள்.